சோலார் பேட்டரியின் பி.எம்.எஸ். (பாதுகாப்புப் பலகை) அடிக்கடி கட் ஆகிறதா? முதலில் கறுப்பு கேபிள் எங்கே போகிறது என்று பாருங்கள்

யாங்கோனில் வீட்டுக்கு சோலார் பேட்டரி வைத்திருக்கிறவர்களுக்கும், வைக்கப்போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள். பேட்டரிப் பெட்டி இருப்பது வீட்டுக்குள்ளே, அதற்குப் பக்கத்து அறையில்தான் பிள்ளைகள் படுக்கிறார்கள்.

நாங்கள் இன்செயின் பக்கம் இருக்கிறோம். இட்லி மாவு அரைத்து விற்கிறேன். கிரைண்டரும் ஃபிரிட்ஜும் நின்றால் அன்றைக்கு வருமானம் இல்லை. 2021-க்குப் பிறகு இங்கே கரண்ட் படும் பாடு உங்களுக்குத் தெரியும். கடலில் எடுக்கிற கேஸ் குறைந்துவிட்டது, கோடையில் அணையில் தண்ணீர் இறங்கிவிடுகிறது. தெருவே "மீ லாபீ" என்று கத்தும்போது, கரண்ட் வந்துவிட்டது என்று மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற ஓடுவோம். நடுராத்திரி 2 மணிக்குக் கரண்ட் வந்தால் 2 மணிக்கு எழுந்து மாவு அரைத்த நாட்கள் உண்டு. இப்படி இருக்கும்போதுதான் நகையை வைத்து, தம்பியிடம் கொஞ்சம் வாங்கி, போன தீபாவளிக்கு முன்னால் சோலார் போட்டோம். எல்லாம் சேர்த்து 70 லட்சம் கியாட்டுக்கு மேல் போனது.

விற்றவர் தமிழர்தான். கோவிலில் பார்த்துப் பழகின முகம். "நம்ம ஆளுக்கே நான் தப்பு பண்ணுவேனாக்கா" என்றார். அந்த ஒரு வார்த்தையில் நான் வேறு எந்தக் கடையிலும் ஏறி விசாரிக்கவில்லை.

அவர் கொடுத்தது 5 கிலோவாட் இன்வெர்ட்டர், ஒரு இரும்புப் பெட்டிக்குள் லித்தியம் அயன் பாஸ்பேட் செல் 16. ஒவ்வொரு செல்லும் 3.2 வோல்ட், 280 ஆம்பியர் ஹவர். 16 செல்லும் வரிசையாகச் சேர்ந்தால் 51.2 வோல்ட், கணக்குப்படி 14 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். இந்தச் செல்களைக் காவல் காக்கும் பலகைக்குத்தான் பி.எம்.எஸ். என்று பெயர். எந்தச் செல்லும் 3.65 வோல்ட்டுக்கு மேல் ஏறாமலும் 2.5-க்குக் கீழே இறங்காமலும் பார்த்துக்கொள்வது அதன் வேலை. அளவு மீறினால் உடனே இணைப்பைத் துண்டித்துவிடும். எங்களுடையது 200 ஆம்பியர் என்று மேலே பெரிய ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

முதல் மாதமே தொல்லை ஆரம்பித்தது. இண்டக்‌ஷன் அடுப்பு, ஏசி, கிரைண்டர் ஓடும்போது தண்ணீர் மோட்டாரைப் போட்டால் டக்கென்று வீடே இருண்டுவிடும். சில நாள் நல்ல வெயிலில், எந்த லோடும் இல்லாத நேரத்திலும் இன்வெர்ட்டர் கத்திக்கொண்டு நின்றுவிடும். ஃபோன் போட்டுப் போட்டு, நாலாவது தடவைதான் ஆள் அனுப்பினார். வந்த ஸயா (மெக்கானிக்கை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) பர்மாக்காரர், மரியாதையான பையன். பெட்டியைத் திறந்தார், ஸ்பேனரால் ஒரு கறுப்பு கேபிளைக் கழற்றி வேறு இடத்தில் முடுக்கினார். 20 நிமிஷம்கூட ஆகவில்லை. "இனிமே நிக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சொன்னபடியே அப்புறம் நிற்கவில்லை. ஏழு வாரம் ஒரு தடவைகூட நிற்கவில்லை. ராத்திரி முழுக்க ஃபேனும் ஃபிரிட்ஜும் ஓடி, காலையில் எழுந்து பெட்டியில் இருக்கிற சின்ன ஸ்கிரீனைப் பார்த்தால் 100 என்று காட்டும். எவ்வளவு நல்ல பேட்டரி என்று அக்கம்பக்கத்தில் சொன்னேன். என் பேச்சைக் கேட்டு ஒரு வீட்டில் அதே ஆளிடம் வாங்கினார்கள். இன்றுவரை என்னை உறுத்துவது அதுதான்.

என் தங்கை மகன் செல்ஃபோன் டவர்களுக்குப் பேட்டரி பார்க்கிற வேலையில் இருக்கிறான். தைப்பூசத்துக்கு வந்தவன், பி.எம்.எஸ்.ஸின் ஆப்பைத் தன் ஃபோனில் இறக்கிப் பார்த்துவிட்டு, "பெரியம்மா, கிரைண்டரைப் போடுங்க" என்றான். போட்டேன். "இப்போ ஏசி." அதையும் போட்டேன். ஃபோனைத் திருப்பிக் காட்டினான். வோல்ட் ஏதோ நகர்ந்தது. ஆம்பியர் என்ற இடத்தில் மட்டும் 0.0 என்று அப்படியே இருந்தது. வீடு முழுக்கச் சாமான் ஓடுகிறது, பேட்டரியிலிருந்து எதுவுமே போகவில்லை என்கிறது ஆப். அவன் முகம் மாறிவிட்டது. எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னான்.

பெட்டியைத் திறந்ததும் எனக்கே தெரிந்தது. 11-வது செல் கர்ப்பமாக இருக்கிற மாதிரி வயிறு தள்ளி, பக்கத்துச் செல்களை அழுத்திக்கொண்டிருந்தது. நீல உறை ஓரத்தில் கிழிந்து, நெயில் பாலிஷ் மாதிரி ஒரு வாடை.

நடந்தது இதுதான். பி.எம்.எஸ். பலகையில் இரண்டு தடித்த மைனஸ் முனை உண்டு. ஒன்று செல் வரிசையின் மைனஸுக்குப் போகும். மற்றது இன்வெர்ட்டருக்குப் போகும். பலகையில் அச்சடித்திருக்கும் இரண்டு எழுத்தையும் தமிழில் சொன்னால் 'பி' என்றே கேட்கும், ஃபோனில் பேசும்போது குழப்பம் வரும். அதனால் ஒன்றைப் பேட்டரிப் பக்க மைனஸ், மற்றதை வெளிப் பக்க மைனஸ் என்றே சொல்கிறேன். இன்வெர்ட்டரின் கறுப்பு கேபிள் வெளிப் பக்க மைனஸில்தான் இருக்க வேண்டும். அப்போதுதான் கரண்ட் பலகை வழியாகப் போகும், ஆபத்து என்றால் பலகையால் துண்டிக்க முடியும். அந்த ஸயா செய்தது என்னவென்றால், அந்தக் கேபிளைப் பேட்டரிப் பக்க மைனஸுக்கு மாற்றிவிட்டார். கரண்ட் பலகையைத் தொடாமலே போய்வந்தது. பலகை "11-வது செல் மீறுகிறது, மீறுகிறது" என்று எச்சரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. துண்டிக்கவும் செய்திருக்கிறது. ஆனால் அதன் வழியாக எதுவும் ஓடவில்லையே, துண்டித்து என்ன பயன்? கரண்ட் அளக்கிற இடமும் அந்தப் பலகைக்குள்தான் இருக்கிறது. அதனால்தான் 0.0. அதனால்தான் விடியற்காலையிலும் 100.

அப்படியானால் முதலில் ஏன் கட் ஆனது? அதற்கு மூன்று காரணம் இருந்தது. மூன்றும் விற்றவர் வேலைதான்.

200 ஆம்பியர் ஸ்டிக்கரைத் தங்கை மகன் நகத்தால் நெம்பினான். அடியில் 100 என்று அச்சு. 5 கிலோவாட் இன்வெர்ட்டர் முழு லோடில், பேட்டரி இறங்கியிருக்கும்போது 115 ஆம்பியர் வரை இழுக்கும். மோட்டார் கிளம்பும் நொடியில் இன்னும் கூடும். 100 ஆம்பியர் பலகை கட் ஆகாமல் என்ன செய்யும்?

செல்கள் புதிது இல்லை. என் மாவுத் தராசில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம், 5.4 கிலோ பக்கம்தான் வந்தது, 280 ஆம்பியர் செல்லுக்கு அது சரியான எடை. ஆனால் முனையில் பொருத்திய போல்ட்டுக்கு அடியில் பழைய வெல்டிங் தழும்பு, அதன் மேல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கோடு. தலையில் இருக்கிற கட்டக் குறியீடும் (கியூ.ஆர். கோடு) சுரண்டப்பட்டிருந்தது. எங்கேயோ ஓடி முடித்த பேட்டரியிலிருந்து பிரித்தெடுத்து, புது நீல உறை மாட்டி விற்றிருக்கிறார்கள். பழைய செல்கள் ஒன்றுபோல் நிறையாது. 11-வது செல் மற்றவற்றுக்கு முன்னாலேயே 3.65-ஐத் தொட்டுவிடும்.

மூன்றாவது, இன்வெர்ட்டரைப் பழைய ஆசிட் பேட்டரிக்கான செட்டிங்கிலேயே விட்டிருந்தார்கள். 58.4 வோல்ட் வரை ஏற்றும். அதை 16-ஆல் வகுத்தால் 3.65. எல்லாச் செல்லும் அச்சு அசலாகச் சமமாக இருந்தால் மட்டும்தான் அது எல்லைக்குள் நிற்கும், ஒன்று முந்தினாலும் அது எல்லையைத் தாண்டிவிடும்.

கடைக்காரரிடம் போனேன். பெட்டியைத் திறந்துவிட்டீர்கள், வாரண்டி இல்லை என்றார். வாரண்டிக் கார்டில் இன்வெர்ட்டருக்கு மட்டும்தான் எழுதியிருந்தது, பேட்டரி என்ற இடம் காலி. வாங்கும்போது நான் அதைப் பார்க்கவில்லை. ஸ்டிக்கர் விஷயம் கேட்டதும், "சைனாவிலிருந்து அப்படியேதான் வந்தது" என்றார். பணம் திரும்பவில்லை.

சரி, இனி வாங்கப்போகிறவர்களுக்கு. இதெல்லாம் தங்கை மகன் எனக்குச் செய்து காட்டியது.

பி.எம்.எஸ். வாங்கும்போது இன்வெர்ட்டரின் வாட்டை 48-ஆல் வகுத்து, அதற்கு மேல் பாதியாவது கூட்டிக்கொள்ளுங்கள். 5 கிலோவாட்டுக்கு 156 ஆம்பியர் பக்கம் வரும், அதனால் 200 ஆம்பியர் பலகையாகவே வாங்குங்கள். ஸ்டிக்கரை நம்பாமல் ஆப்பில் மாடல் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். லித்தியம் அயன் பாஸ்பேட்டுக்கானதுதானா என்று கேளுங்கள். 4.2 வோல்ட் வரை போகிற வேறு வகை லித்தியத்துக்கான பலகையும் அதே அலமாரியில்தான் இருக்கும்.

அப்புறம் பேலன்ஸ். செல்களைச் சமப்படுத்துகிற சக்தி சில பலகைகளில் 50 மில்லியாம்பியர்கூட இருக்காது. 280-இல் 28 ஆம்பியர் ஹவர் வித்தியாசம் இருந்தால் 50 மில்லியாம்பியரில் அதைச் சரிசெய்ய 560 மணி நேரம். 2 ஆம்பியர் ஆக்டிவ் பேலன்சர் உள்ளதில் 14 மணி நேரம். பெரிய செல் வைத்திருக்கிறவர்கள் இதில் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம்.

இணைக்கிற வேலையை எங்கள் கூடத்தில் தரையில் உட்கார்ந்து செய்தான். நான் டார்ச் பிடித்தேன். 16 செல்லுக்கு 17 மெல்லிய வயர் வரும். முதல் வயர் வரிசையின் மைனஸில், அடுத்தது முதல் செல்லின் பிளஸில், அப்படியே கடைசி வரை. வயரை எல்லாம் முடுக்கின பிறகும் அந்தப் பிளக்கைப் பலகையில் சொருகவில்லை. பேட்டரிப் பக்கத் தடித்த மைனஸ் கேபிளைத்தான் முதலில் முடுக்கினான். அப்புறம் மல்டிமீட்டரின் கறுப்பு முனையைப் பிளக்கின் முதல் பின்னில் வைத்து, சிவப்பை ஒவ்வொரு பின்னாக நகர்த்தி, என்னைச் சத்தமாகப் படிக்கச் சொன்னான். 3.3, 6.6, 9.9. ஒவ்வொரு படியிலும் 3.3 கூட வேண்டும். நடுவில் ஒரு எண் எகிறினாலோ அப்படியே நின்றாலோ இரண்டு வயர் இடம் மாறியிருக்கிறது என்று அர்த்தம். அப்படியே சொருகினால் பலகை அங்கேயே கருகும். எல்லாம் சரியாக வந்த பிறகுதான் சொருகினான். கழற்றும்போது தலைகீழ் வரிசை, மெல்லிய பிளக்தான் முதலில்.

வெப்ப சென்சரைச் செல்லுக்கும் செல்லுக்கும் நடுவில் ஒட்டச் சொல்லுங்கள். எங்களுடையது பெட்டிக்குள் காற்றில் தொங்கியது. பிளஸ் கேபிளில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே டிசி (பேட்டரியின் நேர்த்திசைக் கரண்ட்) ஃபியூஸ் வேண்டும். எங்கள் வீட்டில் சுவரில் போடுகிற சாதாரண பிரேக்கரை, அதாவது வீட்டு லைனின் மாறுதிசைக் கரண்டுக்கானதை, வைத்திருந்தார்கள். இந்தச் செல்கள் ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும், அந்த பிரேக்கரால் டிசி நெருப்புப் பொறியை அறுக்க முடியாது. இந்த வகை செல் மற்ற லித்தியம்போல் லேசில் தீப்பிடிக்காது என்பது உண்மை. ஆனால் வீங்கி வெடித்தால் வருகிற வாயு எரியக்கூடியது, விஷம்.

11-வது செல்லுக்கு ஜோடி கிடைக்கவில்லை. இப்போது 15 செல்லில் ஓட்டுகிறோம். பலகையில் எண்ணிக்கையை 15 என்று மாற்றி, இன்வெர்ட்டரின் சார்ஜை 52.5 வோல்ட்டுக்கு இறக்கி, ஈக்வலைஸ் என்ற, ஆசிட் பேட்டரிக்காகக் கூடுதல் வோல்ட் ஏற்றுகிற வசதியை அணைத்துவிட்டான். செல்லுக்கு 3.5 வீதம். 16 செல் வைத்திருக்கிறவர்களுக்கு 56 வரும். புதுப் பலகைக்கும் ஃபியூஸுக்கும் இன்னொரு வளையல் போனது.

இந்தப் பதிவைப் படித்ததும், லைன் கரண்டும் வெயிலும் இல்லாத நேரமாகப் பார்த்து, ஆப்பைத் திறந்து, ஒரு கெட்டிலைப் போட்டுவிட்டு ஆம்பியரைப் பாருங்கள். எண் அசையாவிட்டால் இன்வெர்ட்டரை அணைத்துவிட்டு, தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள், விற்றவரை வேண்டாம்.

என் பேச்சைக் கேட்டு வாங்கின வீட்டுக்குத் தங்கை மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கேயும் கறுப்பு கேபிள் பேட்டரிப் பக்க மைனஸில்தான் இருந்தது. அன்றைக்கே மாற்றினோம், செல் எதுவும் வீங்கவில்லை. அதே ஆள் போட்டுக்கொடுத்த இன்னொரு வீடு தாம்வேயில் இருப்பதாகச் சொன்னார்கள். இரண்டு தடவை போனேன், பூட்டியிருக்கிறது, கூரையில் பேனல் வெயில் வாங்கிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்காரர் மௌல்மேன் போயிருக்கிறார் என்றார்கள். அவரைத் தெரிந்தவர்கள் இதைப் படித்தால் இன்றைக்கே அவருக்கு ஃபோன் போட்டுச் சொல்லுங்கள்.