கணு மரத்துக்கென்று கேட்டு வாங்கிய செயின்: ஒரு வாரக் கூலி போனது, எச்சரிக்கை

நேற்று மாலை என் புகாருக்கு வந்த கடைசிப் பதிலைப் படித்த கோபம் இன்னும் அடங்காத நிலையில் இதை எழுதுகிறேன். பல விற்பனையாளர்கள் ஒரே இடத்தில் பொருள் விற்கும் ஓர் இணையத் தளத்தில் செயின்சாவுக்கு மூன்று செயின்கள் வாங்கி, ஒரு வாரக் கூலியை முழுதாக இழந்தேன். எப்படிப் பார்த்து வாங்க வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

நான் அறுக்க வேண்டியிருந்தவை காய்ந்துபோன, கிளை அடிகள் நெருக்கமாக உள்ள அடிமரங்கள். கணு என்பது கிளையின் அடிப்பகுதி தண்டுக்குள் புதைந்து கிடக்கும் இடம். அங்கே மரநார் தண்டின் போக்கை விட்டுக் குறுக்கே ஓடும். சுற்றியுள்ள மரத்தைவிடக் கெட்டியாகவும் இருக்கும். அதனால் அத்தகைய மரத்துக்கு, பல்லின் மேல்தகடும் பக்கத்தகடும் சேரும் முனை வட்டமாக இருக்கும் செமி சிசல் செயினே ஏற்றது. அந்த முனை கூராகச் சதுரமாக இருக்கும் ஃபுல் சிசல், சுத்தமான மென்மரத்தில் வேகமாக அறுக்கும். கெட்டியான கணுவிலோ மண் படிந்த பட்டையிலோ அதன் முனைதான் முதலில் மழுங்கும். இது எனக்கு முன்பே தெரியும். தெரிந்துதான் செமி சிசல் வேண்டும் என்று எழுத்திலேயே கேட்டேன்.

நான் நம்பிய தருணத்தைச் சொல்ல வேண்டும். விற்பனையாளர் உடனே விலையைச் சொல்லவில்லை. பிட்ச் (கண்ணிகளின் இடைவெளி அளவு) என்ன, கேஜ் (செயின் ஓடும் பள்ளத்துக்குள் இறங்கும் கண்ணியின் தடிமன்) என்ன, டிரைவ் லிங்க் (அப்படி இறங்கும் கண்ணி) எத்தனை என்று முறையாகக் கேட்டார். 3/8 அங்குலம், 0.058 அங்குலம், 72 என்று பதில் எழுதினேன். கணு அதிகமா என்றும் கேட்டுவிட்டு, "உங்களுக்கு செமி சிசல்தான் சரி" என்று நான் சொல்லாத காரணங்களையும் சேர்த்து விளக்கினார். மூன்று செயின்களை மாற்றி மாற்றிப் போட்டால், செயினை ஓட்டும் பற்சக்கரமான ஸ்பிராக்கெட்டும் செயின்களும் ஒரே சீராகத் தேயும் என்றார். அது உண்மையான அறிவுரைதான். தொழில் தெரிந்தவர் என்று நினைத்து அந்த இடத்திலேயே ஒரு வாரக் கூலியைக் கட்டினேன். தளத்தின் விற்பனைப் பக்கத்தில் இருந்த படத்தில் பல்லின் முனை வட்டமாகவே தெரிந்தது.

வந்த பெட்டிகளின் மேல் பிட்ச், கேஜ், லிங்க் எண்ணிக்கை மூன்றும் சரியாக இருந்தன. பல்லின் வகை எங்கும் அச்சிடப்படவில்லை. செயின் பாரில், அதாவது அது சுற்றி ஓடும் நீளத் தகட்டில், பொருந்திவிட்டதால் பல்லைக் கூர்ந்து பார்க்காமல் வேலையைத் தொடங்கினேன். முதல் டேங்க் பெட்ரோல் முடிவதற்குள், சீவலாக வர வேண்டியது பொடியாக வந்தது. வெட்டு ஒரு பக்கமாக வளைந்தது. கணுவுக்குள் போகாததால் நான் அழுத்தினேன், அது என் தவறுதான், பாரின் விளிம்பிலும் சூட்டில் நீலம் பாய்ந்துவிட்டது. செயினைக் கழற்றி, ஒரு பல்லை முன்பக்கமாகப் பிடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: சதுர முனை, அப்பட்டமான ஃபுல் சிசல். அரத்தால் தீட்டினால் அந்த முனை மறுபடியும் கூராகுமே தவிர, செமி சிசலாக மாறாது.

அதன்பின் வந்த பதில்கள் ஒன்றைவிட ஒன்று மோசம். முதலில் எண்ணெய் போதவில்லை என்றார்கள். ஓடும் பாரின் நுனியை வெளிர் நிறப் பலகைக்கு நேராகப் பிடித்து, அதில் விழுந்த எண்ணெய்க் கோட்டைப் படம் எடுத்து அனுப்பினேன். அடுத்து, "ஃபுல் சிசல் இன்னும் வேகமானது, உங்களுக்கு நல்லதைத்தான் அனுப்பியிருக்கிறோம்" என்றார்கள். கேட்டது ஒன்று, கொடுத்தது வேறு என்பதை இவ்வளவு தைரியமாக ஒப்புக்கொண்ட பிறகும் பணம் திரும்பவில்லை. பிரிக்காத இரண்டு பெட்டிகளையாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். மூன்றும் ஒரே தொகுப்பு, ஒன்றைப் பயன்படுத்தியதால் எதையும் திருப்ப முடியாது என்றார்கள். தளத்திடம் போனால் விற்பனையாளரைக் கேள் என்கிறது, விற்பனையாளர் தளத்தைக் கேள் என்கிறார். நேற்று என் புகார் "தீர்க்கப்பட்டது" என்று மூடப்பட்டுவிட்டது. ஒரு வாரக் கூலி, அதற்கு மேல் ஒரு பார்.

விரிவாக எழுத இப்போது மனம் இல்லை. பிட்ச், கேஜ், லிங்க் எண்ணிக்கை மூன்றும் செயின் உங்கள் பாரில் பொருந்துமா என்பதை மட்டுமே சொல்லும். பல் எத்தகையது என்பதைச் சொல்லாது. பணம் கட்டும் முன், அனுப்பப்போகும் செயினின் ஒரு பல்லை முன்பக்கமாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பற்கள் இடைவெளி விட்டு இருக்கும் ஸ்கிப் செயினைக் கணு மரத்துக்கென்று சொன்னால் வாங்காதீர்கள், அது நீண்ட பாருக்கானது. செயின் இறங்கவில்லை என்று பல்லுக்கு முன்னால் உள்ள ஆழ அளவியை அளவுக்கு மீறி ராவாதீர்கள். கணுவில் கொக்கி போல மாட்டி, ரம்பம் உங்கள் மேலேயே எகிறும். பெட்டியைப் பிரித்ததும், பாரில் மாட்டும் முன், பல்லின் முனையைப் பாருங்கள். மூன்றை ஒன்றாக வாங்காதீர்கள். ஒன்றை வாங்கிக் கணுவில் அறுத்துப் பார்த்த பிறகே அடுத்ததற்குப் பணம் கட்டுங்கள்.