வவுனியாவில டபிள்யூ.ஆர்.எக்ஸ் டியூன் பண்ணினது, 92 ஒக்டேன் பெற்றோலுக்கு

நான் கிளிநொச்சி, கார் சுபாரு இம்பிரெசா டபிள்யூ.ஆர்.எக்ஸ், 2 லீற்றர் டர்போ. 3 இஞ்சி டவுன்பைப் (டர்போவில இருந்து புகை போற பைப்), கோன் ஃபில்டர், பெரிய பெற்றோல் பம்ப் எல்லாம் போட்டாப்பிறகு போன வருசம் ஒரு இடத்தில எஞ்சின் கொம்பியூட்டருக்கு ரெடிமேட் டியூன் ஃபைல் ஒண்டு ஏத்தித் தந்தாங்கள், அரை மணித்தியாலத்தில முடிஞ்சுது, காத்துப் பெற்றோல் கலவை அளக்கிற வைட்பாண்ட் சென்சர் பூட்டேல்ல, ஓடவிட்டு எஞ்சின்ர எண்களைப் பதியிற லொக் எடுக்கேல்ல, என்ன பெற்றோல் அடிக்கிறனீர் எண்டு ஒருத்தரும் கேக்கவும் இல்லை. மூண்டு மாசத்தில நாலாவது சிலிண்டர் பிஸ்டனில றிங் நிக்கிற விளிம்பு வெடிச்சு எஞ்சின் இறக்க வேண்டி வந்தது. ரெண்டு வருசமாச் சேர்த்த காசு, இப்பவும் நினைச்சா வயிறு எரியுது.

எஞ்சின் கட்டி ஓடவிட்டாப்பிறகு கூட்டாளி ஒருத்தன் சொல்லித்தான் வவுனியாவில ஒரு அண்ணையிட்டப் போனன். போர்ட் இல்லை, வீட்டுக்குப் பக்கத்தில ஒரு தகரக் கொட்டில், பேர் போட வேண்டாம் எண்டவர் அதால போடேல்ல. போனவுடன முதல் கேள்வியே "தம்பி, நீர் எந்தப் பெற்றோல் செட்டில அடிக்கிறனீர், 92ஓ 95ஓ?" எண்டுதான். எங்கட பக்கம் எல்லாச் செட்டிலயும் 95 இல்லை, முல்லைத்தீவுப் பக்கம் போனா நான் 92தான் அடிக்கிறது எண்டு சொன்னன். "அப்ப 92க்குத்தான் டியூன், பிறகு 95 அடிச்சா எஞ்சினுக்குச் சந்தோசம், மற்றப் பக்கமா நடந்தா பிஸ்டன் போகும்" எண்டார். அந்த இடத்திலயே எனக்கு மனம் ஆறிப்போச்சு.

அண்டைக்கு அவர் டியூன் பண்ணவே இல்லை. காத்தடிச்சுப் பார்த்ததில டர்போக் காத்தைக் குளிராக்கிற இண்டர்கூலரின்ர ஹோஸ் ஒண்டு ஒழுகினது, அதைச் சரி பண்ணினார். பிறகு பழைய ஃபைலை வெளிய எடுத்து லப்டொப்பில காட்டினார், ஜப்பான் ஹை ஒக்டேன் பெற்றோலுக்கு எழுதின டைமிங் (பிளக் பொறி அடிக்கிற நேரம்) அப்பிடியே கிடக்கு, பூஸ்ட் (டர்போ தள்ளுற காத்தின்ர அமுக்கம்) 1.3 பார் கேட்டிருக்கு. கோன் ஃபில்டரைக் கழட்டச் சொன்னார், நான் முதல்ல ஓமெண்டேல்ல. அவர் விளங்கப்படுத்தினது என்னெண்டா, அந்த ஃபில்டரோட வாற பைப் பெருசு, அதே அளவு காத்து அதுக்குள்ளால மெதுவாப் போகும், அளக்கிற சென்சர் காத்துக் குறைய வருது எண்டு நினைக்கும், கொம்பியூட்டர் பெற்றோலைக் குறைச்சு விடும், பூஸ்ட்டில பெற்றோல் காணாமக் கலவை காஞ்சு போகும். அதுக்கு மேல மல்லாவி, துணுக்காய் உள் றோட்டுக் கிரவல் புழுதி, எண்ணெய் பூசின ஃபில்டரில பிடிச்சு சென்சர் கம்பியும் ஊத்தையாகும். கம்பனிக் காத்துப்பெட்டியும் பேப்பர் ஃபில்டரும் திருப்பிப் போட்டாச்சு. சத்தம் போனது கவலைதான், ஆனா அவர் சொன்னது சரி.

ரெண்டாம் முறை போகேக்க நல்ல வெயில். மத்தியானம் 12 மணிக்குத்தான் லொக் எடுப்பம் எண்டு வேணுமெண்டே மினக்கெட்டவர். இந்தக் காரில இண்டர்கூலர் எஞ்சினுக்கு மேல இருக்குது, காத்துச் சூடு பார்க்கிற சென்சரோ ஃபில்டருக்குக் கிட்ட, டர்போவுக்கு முன்னால. அதாவது இண்டர்கூலர் தாண்டி வாற காத்து எவ்வளவு சூடு எண்டு கொம்பியூட்டருக்குத் தெரியவே தெரியாது. விடியக் குளிரில டியூன் பண்ணினா எல்லாம் வடிவாக் காட்டும், பேந்து ஓகஸ்ட் வெயிலில மாங்குளத்தில நிண்டு வெளிக்கிட்டு மிதிக்கேக்க நொக் (சிலிண்டருக்குள்ள பெற்றோல் தன்பாட்டில வெடிச்சு அடிக்கிறது) வரும். இதை எனக்கு ஒருத்தரும் முந்திச் சொன்னதில்லை.

ஃபுல் பூஸ்ட் மட்டும் றோட்டில செய்யமாட்டன் எண்டுட்டார், ஏ9 இல மாடு எந்த நேரம் குறுக்க வரும் எண்டு தெரியாது. அதுக்குக் கொழும்புப் பக்கம் டைனோ (காரை உருளையில ஓடவிட்டு வலு அளக்கிற மெசின்) வாடகைக்கு எடுத்து ஒரு நாள். செட்டில அடிக்கிற 92ஐ ரெண்டு கானில கொண்டு போனனாங்கள், அங்கத்த 95 ஒரு சொட்டும் விடேல்ல. பூஸ்ட் 1 பாரில பிடிச்சு, ஒரு பங்கு பெற்றோலுக்கு 11.2 பங்கு காத்து எண்டு கலவையை வைச்சு, நொக் வாறதுக்குக் கொஞ்சம் கீழயே டைமிங்கை நிப்பாட்டினார். சக்கரத்தில 198 குதிரைவலு. இன்னும் 15 எடுக்கலாம் தானே எண்டு கேட்டன், எடுக்கலாம், நான் தரமாட்டன் எண்டு ஒரே வசனம்.

இப்ப ஆறு மாசம், 7,000 கிலோமீற்றர். சுபாரு கொம்பியூட்டரில ஐ.ஏ.எம் எண்டு ஒரு எண் இருக்கு, நொக் கேட்டா அது தானாக் கீழ இறங்கும். பழைய ஃபைலில அது பாதிக்குக் கிட்ட இறங்கிக் கிடந்தது, இப்ப ஒவ்வொரு மாசமும் பார்க்கிறன், உச்சத்திலயே நிக்குது. முறிகண்டியில பிள்ளையாரைக் கும்பிட்டு, கச்சானும் வாங்கிக்கொண்டு வெளிக்கிட்டு மூண்டாம் கியரில மெல்ல மிதிச்சா 3,000இல இருந்து ஒரே சீரா இழுக்குது, முந்தின மாதிரி இடையில விக்கிறேல்ல.

குறையும் சொல்லோணும். ஃபோன் எடுக்கமாட்டார், மெசேஜ் போட்டா ரெண்டு நாளைக்குப் பிறகுதான் பதில். எல்லாம் சேர்த்து 90,000 எடுத்தவர், டைனோ வாடகை வேற, மூண்டு தரம் போய் வந்த பெற்றோலும் வேற. ஏசி போட்டவுடன ஐடில் கொஞ்சம் விழுந்து எழும்புது, அது இன்னும் தீரேல்ல, காசில்லாமல் செய்து தாறன் எண்டவர். அடுத்த பௌர்ணமிப் போயா லீவுக்குப் போறன், போகேக்க டாங்கில வழக்கமா அடிக்கிற பெற்றோலோடதான் வரச்சொன்னவர், நீங்களும் போறதெண்டா அப்பிடியே போங்கோ.