ஐ லவ் லூசி டிவிடி தொகுப்பு: பல வருடம் போட்டுப் பார்த்த பிறகு

அமெரிக்காவில் வேலை பார்த்தபோது வாங்கியது. 1951 முதல் 1957 வரை சிபிஎஸ் என்ற அமெரிக்க டிவி சேனலில் வந்த இந்த நகைச்சுவைத் தொடரின் 180 எபிசோடும் இருக்கின்றன. இப்போதும் சாப்பாட்டு நேரத்தில் அடிக்கடி ஓடுவதால், நிறை குறை இரண்டையுமே தைரியமாகச் சொல்லலாம்.

முதலில் படத்தின் தரம். எழுபது வருடத்துக்கு முந்தைய கறுப்பு வெள்ளைத் தொடர், பெரிய டிவியில் பளிச்சென்று இருக்கிறது. அந்தக் காலத்தில் நியூயார்க்கில் நேரலையாக நடிப்பார்கள். தூரத்து ஊர்களுக்கு டிவி திரையையே படம்பிடித்து அனுப்புவார்கள். கலங்கலாகத்தான் தெரியும். லூசியாக வரும் லூசில் பாலும், தொடரிலும் நிஜத்திலும் அவர் கணவரான டெசி அர்னாஸும் ஹாலிவுட்டை விட்டு வர மாட்டோம் என்று சொல்லிவிட்டு, 35 எம்எம் ஃபிலிமில், மூன்று கேமரா வைத்து, பார்வையாளர்கள் முன்னிலையில் எடுத்தார்கள். ஒளிப்பதிவு, ‘மெட்ரோபோலிஸ்’ என்ற பழைய ஜெர்மன் மௌனப் படத்தில் வேலை பார்த்த கார்ல் ஃப்ராயிண்ட். கூடுதல் செலவுக்காகச் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு, பதிலுக்கு ஃபிலிமின் உரிமையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். பிழைக்கத் தெரிந்த தம்பதி! இருபது வருடம் கழித்து வீடியோ டேப்பில் எடுத்த ‘ஆல் இன் த ஃபேமிலி’ தொடரை அதே டிவியில் போட்டால் முகமெல்லாம் மங்கிக் கிடக்கிறது.

ஒரு எச்சரிக்கை. ரிமோட்டில் ‘ஜூம்’ போட்டுத் திரையை நிரப்பாதீர்கள். நெற்றியும் காலும் போய்விடும். லூசியின் காமெடியில் பாதி கால்களில்தான் இருக்கிறது.

அப்புறம் நடிகர்கள். ஆரம்பத்தில் என் கண் லூசியை விட்டு நகராது. இப்போது பக்கத்து வீட்டு எத்தலாக வரும் விவியன் வான்ஸைத்தான் பார்க்கிறேன். 1952-இல் வந்த சாக்லேட் தொழிற்சாலை எபிசோடையே எடுத்துக்கொள்ளுங்கள். பெல்ட்டில் வரும் சாக்லேட்டைத் தாளில் சுற்றுவதுதான் இருவருக்கும் வேலை. பெல்ட் வேகம் பிடித்ததும் லூசி தொப்பிக்குள்ளும் சட்டைக்குள்ளும் வாய்க்குள்ளும் சாக்லேட்டைத் திணிப்பார். எத்தலும் அதே பாடுதான் படுகிறார், ஆனால் லூசியிடமிருந்து ஒரு சிரிப்பைக்கூடப் பறிக்காமல். மேற்பார்வைக்காரி வந்து பார்த்து, சுற்றாத சாக்லேட் ஒன்றுகூட இல்லையே என்று நம்பி, வேகத்தைக் கூட்டச் சொல்லும்போது இருவர் முகத்தையும் மாறி மாறிப் பாருங்கள்.

எத்தலின் கணவர் ஃப்ரெட்டாக வரும் வில்லியம் ஃப்ராலிக்கும் வான்ஸுக்கும் நிஜத்தில் ஆகவே ஆகாது. ஃப்ராலி பிறந்தது 1887, வான்ஸ் 1909. அப்பா வயதுக்காரரைக் கணவராக்கிவிட்டார்களே என்று வான்ஸுக்கு எரிச்சல். அது தெரிந்தபின் இவர்கள் சண்டைக் காட்சிகளின் ருசியே வேறு. சிரிப்பொலியில் அடிக்கடி ஒரு பெண்குரல் ‘அய்யய்யோ’ என்கிற தொனியில் பதறும். அது லூசில் பாலின் அம்மா என்று சொல்கிறார்கள். பழகிவிட்டால் தனியாகக் காதில் விழும்.

குறைகளும் உண்டு. மனைவி பேச்சுக் கேட்கவில்லை என்று ரிக்கி (டெசியின் பாத்திரம்) லூசியை மடியில் போட்டு அடிக்கும் காட்சிகள் சில இருக்கின்றன. அரங்கில் பார்வையாளர்கள் சிரிக்கிறார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. குழந்தைகளோடு பார்ப்பவர்கள் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆறாவது சீசனில் கிராமத்துக்குக் குடிபோன பிறகு கதை தொய்கிறது. டிவிடி தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியிருப்பதால் எடுக்கும்போதெல்லாம் கீறல் விழுகிறது. நான் தனித்தனி உறைக்கு மாற்றிவிட்டேன். டிவிடிகளை உலகப் பகுதி (ரீஜன்) வாரியாகப் பூட்டி விற்பார்கள். இது அமெரிக்காவுக்கான முதல் ரீஜன் தட்டு, இந்தியா ஐந்தாவது. இங்கே விற்கும் பிளேயர்களில் சில இதைப் படிக்காது. ரீஜன் பூட்டு இல்லாத பிளேயருக்கும் சேர்த்துப் பட்ஜெட் போடுங்கள்.

எல்லாம் வேண்டாம் என்றால் முதல் இரண்டு சீசனும், ஹாலிவுட் பயணம் வரும் நான்காவதும் போதும். தொடர் முடிந்தபின், 1957 கடைசியிலிருந்து அதே பாத்திரங்களோடு வந்த 13 ஒரு மணி நேர நிகழ்ச்சிகளைத் தேடி அலையாதீர்கள். அரை மணிக் கதையை இழுத்திருக்கிறார்கள். அவை முடிந்த 1960-லேயே லூசியும் டெசியும் விவாகரத்து வாங்கிவிட்டார்கள்; கடைசி எபிசோடுகளில் இருவர் முகத்திலும் களைப்பு அப்பட்டமாகத் தெரிகிறது.