விளம்பரம் விற்க வரும் அழைப்பு: புதுக்கடைக்காரர் எதை எதனோடு ஒப்பிடுவது?

பெயர்ப்பலகையில் தொலைபேசி எண் ஏறிய கையோடு அழைப்புகள் தொடங்கிவிடும். யாழ்ப்பாணத்துக் கஸ்தூரியார் வீதியில் நகைக்கடை என்றாலும் சரி, திருநெல்வேலிச் சந்தியில் தையல்கடை என்றாலும் சரி. அழைப்பவர் கடையின் பெயர், முகவரி, உரிமையாளரின் பெயர் எல்லாம் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குவார். அதை வைத்து அவரை நம்ப வேண்டியதில்லை. பலகை, திறப்புவிழா நோட்டீஸ், பேஸ்புக் பக்கம் மூன்றையும் பார்த்த எவருக்கும் கிடைக்கும் விபரம் அது.

புதியவர்களைத் தேடி வருவதற்குக் காரணம் இருக்கிறது. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவு, உள்ளூராட்சி சபையில் வியாபார அனுமதி என்று உண்மையாகவே கட்டவேண்டிய கட்டணங்கள் பல இருக்கும் காலம் அது. "உங்கள் பதிவுக் கட்டணம் நிலுவையில் இருக்கிறது" என்று ஒரு குரல் சொன்னால், அதுவும் அவற்றில் ஒன்று என்றே காதில் விழும்.

அழைப்பவர்கள் எல்லோரும் கள்ளர் அல்லர். பத்திரிகை விளம்பரப் பிரிவிலிருந்தும் அழைப்பார்கள். ஆகவே குரலை எடைபோடுவதில் பயனில்லை. அவர் விற்பதை, அதே காரியத்தை நீங்களாகச் செய்யும் வழியோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கேள்வி மூன்றுதான்: காசு கொடுக்குமுன் பொருளைக் கண்ணால் பார்க்கலாமா? கணக்கின் உரிமை யாரிடம் இருக்கும்? காசு யாருடைய பெயருக்குப் போகிறது?

கூகுள்: அழைப்பவரா, நீங்களா?

இதில் போட்டியே இல்லை. கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிவது இலவசம். "கூகுளிலிருந்து பேசுகிறோம், உங்கள் கடை 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்று காட்டப்படப் போகிறது, பணம் கட்டினால் நிறுத்தலாம்" என்ற மிரட்டல் உலகம் சுற்றிய பழைய சரக்கு. இதே வசனத்தைப் பேசிய புளோரிடா நிறுவனம் ஒன்றின் மீது 2018 இல் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு வழக்குத் தொடர்ந்தது. "தேடலில் முதலிடம் உத்தரவாதம்" என்பதும் அதே இனம். உள்ளூர்த் தேடலில் பொருத்தம், தூரம், பிரபலம் ஆகிய மூன்றையும் வைத்தே கூகுள் வரிசைப்படுத்துகிறது. அந்த இடம் விற்பனைக்கு இல்லை என்று கூகுளே சொல்கிறது.

நீங்களாகச் செய்யும் முறை: கடைக்கென்று ஒரு ஜிமெயில் கணக்கு திறந்து, கூகுள் பிஸ்னஸ் புரொபைலில் பெயர், தொழில்வகை, நேரம், தொலைபேசி எண் கொடுங்கள். வரைபடக் குறியை கையால் நகர்த்திச் சரியான வாசலில் வையுங்கள். யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் முகவரியை மட்டும் நம்பினால் குறி அடுத்த வளவுக்குள் போய் நிற்கும். உறுதிப்படுத்தலுக்கு வீடியோ கேட்டால், நடுவில் நிறுத்தாமலும் வெட்டி ஒட்டாமலும் குறைந்தது 30 விநாடி எடுக்க வேண்டும். முதலில் வீதியும் பலகையும், பிறகு உள்ளே இருக்கும் பொருட்கள், கடைசியில் கடை உங்களுடையது என்பதற்குச் சான்றாகப் பூட்டைத் திறப்பது அல்லது காசு லாச்சியைத் திறப்பது. பலகை தெரியாத வீடியோ பெரும்பாலும் திரும்பி வரும்.

காசு கொடுத்து இதைச் செய்விப்பவர்கள் இரண்டு இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். முதலாவது, முகவர் தன் மின்னஞ்சலில் கடையைப் பதிந்துவிடுவார். அதன்பின் எண்ணை மாற்றவும் அவரிடமே போக வேண்டும். இப்படி ஆகிவிட்டால் கூகுளில் உரிமை கோரி விண்ணப்பிக்கலாம். இப்போதைய உரிமையாளருக்குப் பதிலளிக்க 3 நாள் அவகாசம் உண்டு. இரண்டாவது, கடைப்பெயரோடு "யாழ்ப்பாணத்தின் சிறந்த மலிவு விலை" என்று வால் ஒட்டிவிடுவார். பலகையில் இல்லாத சொற்களைப் பெயரில் சேர்ப்பது விதிமீறல், பதிவு முடக்கப்படலாம். கைபேசிக்கு வரும் உறுதிப்படுத்தல் இலக்கத்தை யாருக்கும் வாசித்துக் காட்டாதீர்கள். அந்த இலக்கம்தான் கடையின் திறப்பு.

வர்த்தகத் தகவல் ஏடுகள்

கடைகளின் பெயரையும் எண்ணையும் தொகுத்து வெளியிடுவதாகச் சொல்லி, அதில் பதியக் காசு கேட்பது அடுத்த வகை. ஐரோப்பாவில் இந்த ஏமாற்று எவ்வளவு பெருகியது என்றால், 2008 டிசம்பரில் ஐரோப்பிய நாடாளுமன்றம் இதற்கெனத் தனித் தீர்மானமே நிறைவேற்றியது. முறை மாறவில்லை. "இலவசப் பதிவைச் சரிபார்க்கிறோம், விபரம் சரியென்றால் கையொப்பம் இட்டு அனுப்புங்கள்" என்பார்கள். ஆண்டுக் கட்டணமும் பல ஆண்டு ஒப்பந்தமும் படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும். இப்போது படிவத்துக்குப் பதில் வட்ஸ்அப் படம் வருகிறது. "ஓகே" என்று பதில் போடச் சொல்கிறார்கள். போடாதீர்கள். இலங்கையின் 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டம் மின்செய்தி வழியான ஒப்பந்தத்தையும் ஒப்பந்தமாக ஏற்கிறது. அந்த ஒற்றைச் சொல்லை உங்களுக்கு எதிராகக் காட்ட இடம் கொடுக்கக் கூடாது.

உண்மையான ஏடா என்று பார்க்க ஒரு வழி: அதில் ஏற்கெனவே இருக்கும் சுன்னாகம், சாவகச்சேரிக் கடைகளின் பக்கங்களைக் கேளுங்கள். அந்தக் கடைகளுக்கு நேரில் போய், அதைப் பார்த்து யாராவது வந்தார்களா என்று விசாரியுங்கள். எங்கள் கணிப்பில், முதல் வருடம் இதற்கு ஒரு சதமும் ஒதுக்கத் தேவையில்லை. இலவசப் பதிவு தந்தால் எடுத்துக்கொள்ளலாம்.

மலர், நாட்காட்டி, பத்திரிகை

யாழ்ப்பாணத்தில் அதிகம் கறக்கும் வழி இதுதான், ஏனென்றால் மறுக்க மனம் வராது. நல்லூர்த் திருவிழா நெருங்கினால் சிறப்பு மலர், மார்ச் மாதத்துக் கிரிக்கெட் போட்டிகளுக்கு முன்னர் பாடசாலை மலர், வருடக் கடைசியில் நாட்காட்டி. உண்மையான மலர்க் குழுவினரும் இதே காலத்தில்தான் வருவார்கள். போலி அவர்களுக்குள் கலந்து வரும்.

இதற்கு எதிரே பத்திரிகை விளம்பரத்தை வையுங்கள். உதயன், வலம்புரி போன்ற நாளேடுகளின் அலுவலகத்துக்கு நேரில் போகலாம். கட்டணம் பத்தி அகலத்தையும் சென்ரிமீற்றர் உயரத்தையும் கொண்டு கணக்கிடப்படும். எந்தப் பக்கம், எந்தத் திகதி, கறுப்பு வெள்ளையா வர்ணமா என்று பற்றுச்சீட்டில் எழுதி வாங்கலாம். அச்சுக்கு முன் படியைப் பாருங்கள், ஏனென்றால் தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கம் பிழைத்தால் முழுக் காசும் போச்சு. மறுநாள் கடையில் பத்திரிகை வாங்கிப் பார்த்தால் விளம்பரம் இருக்கும், அல்லது இருக்காது. மலரில் இந்தச் சோதனை கிடையாது. உங்கள் பக்கத்தோடு ஒரேயொரு படியை அச்சிட்டுக் கொண்டுவந்து காட்டினால், மிச்சம் எத்தனை அச்சானது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

மலருக்குக் கொடுக்கவே வேண்டும் என்றால்: கடிதத் தலைப்பில் கோரிக்கை கேளுங்கள். அழைத்தவர் தந்த எண்ணை விட்டு, பாடசாலை அல்லது ஆலய அலுவலகத்தின் 021 எண்ணை வேறு வழியில் கண்டுபிடித்து அதில் கேளுங்கள். காசோலையைக் குறுக்குக் கோடிட்டு நிறுவனத்தின் பெயருக்கே எழுதுங்கள். "செயலாளரின் சொந்தக் கணக்கில் போட்டுவிடுங்கோ, சங்கக் கணக்கில் சிக்கல்" என்றால் அங்கேயே முடித்துவிடலாம். அத்தோடு, உங்கள் கணக்குப் புத்தகத்தில் இதை விளம்பரச் செலவில் எழுதாமல் நன்கொடையில் எழுதுங்கள். மலர் பார்த்துச் செருப்பு வாங்க வருபவர் குறைவு.

பேஸ்புக்: முகவரின் கணக்கா, உங்கள் கணக்கா?

இங்கே முழு மறுப்புச் சரியல்ல. நன்றாகச் செய்யும் பொடியள் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார்கள். நேரமில்லாத கடைக்காரருக்கு அவர்கள் உதவி. ஆனால் எண்களைக் கவனியுங்கள். "யாழ்ப்பாணத்தில் 10 இலட்சம் பேருக்குக் காட்டுவோம்" என்பார் ஒருவர். 2012 குடிசன மதிப்பீட்டின்படி யாழ். மாவட்டத்தின் மொத்தச் சனத்தொகை ஏறத்தாழ 5 இலட்சத்து 84 ஆயிரம், கைக்குழந்தைகள் உட்பட. மிச்சப் பேர் எங்கிருந்து வருவார்கள்? விளம்பரம் மலிவாக ஓடும் வேறு நாடுகளிலிருந்து, அல்லது போலிக் கணக்குகளிலிருந்து. ரொறன்ரோ, லண்டன் விருப்பக்குறிகளும் சப்பாத்துக் கடைக்குப் பயன்படாது. அங்கிருந்து ஊரிலுள்ள அம்மாவுக்குக் கேக் அனுப்புவிக்கும் கடை என்றால் கதை வேறு, அவர்கள்தான் வாடிக்கையாளர்.

விளம்பரக் கணக்கை உங்கள் பெயரில், உங்கள் வங்கி அட்டையில் திறவுங்கள். முகவருக்கு விளம்பரம் போடும் அனுமதியை மட்டும் கொடுங்கள். பக்கத்தின் முழுக் கட்டுப்பாட்டைக் கொடுத்தால் அவர் உங்களையே நீக்க முடியும். அவருடைய கூலி தனி, பேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனத்துக்குப் போகும் காசு தனி. இரண்டையும் ஒரே தொகையாகச் சொல்பவரிடம், அதில் எவ்வளவு உண்மையில் விளம்பரமாக ஓடியது என்று அறிய வழியில்லை. ஸ்கிரீன்ஷொட்டை எவரும் திருத்தலாம். ஓடுகிறதா என்று பார்க்க மெட்டாவின் விளம்பர நூலகத்தில் உங்கள் பக்கத்தின் பெயரைத் தேடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் விளம்பரம் அங்கே எவருக்கும் தெரியும். தொடங்கி ஒரு நாள் கழிந்தும் தெரியாவிட்டால் ஓடவில்லை.

"உங்கள் இணையப் பெயரைச் சீன நிறுவனமொன்று பதியப் போகிறது" என்ற அழைப்புக்கும், பணம் கட்டினால் கிடைக்கும் "சிறந்த தொழில்முனைவோர்" விருதுக்கும் அதிகம் யோசிக்க வேண்டாம். டொட் கொம் பெயருக்கு வருடம் 10 முதல் 20 டொலர் வரைதான். அதை நீங்களே புதுப்பிக்கலாம். விருதோ கடைசியில் மண்டபக் கட்டணம் கேட்பதில் போய் முடியும்.

காசு போகுமுன்னும் போனபின்னும்

தனியார் கம்பனி என்றால் பி.வி. என்று தொடங்கும் பதிவிலக்கம் இருக்கும். கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் தளத்தில் பெயரைத் தேடலாம். பில்லில் 18 வீத வற் (பெறுமதி சேர் வரி) சேர்த்திருந்தால் வற் இலக்கமும் இருக்க வேண்டும். ஒன்பது இலக்கங்களுக்குப் பின் 7000 என்று முடியும் அது. இலக்கம் இல்லாமல் வரி மட்டும் இருந்தால், அந்த வரி அரசுக்குப் போகாது.

கடையில் நிற்கும் பிள்ளைக்கு ஒரே வசனம் பழக்குங்கள்: "முதலாளி எழுத்தில் பார்த்துத்தான் முடிவெடுப்பார், மின்னஞ்சலுக்கு அனுப்புங்கோ." திகதி, எண், கேட்ட தொகை மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதட்டும். பிறகு "உங்கள் ஊழியர் ஒத்துக்கொண்டார்" என்று பில் வந்தால், அந்தக் கொப்பியே பதில். கேட்காத சேவைக்கு வந்த பில்லில் பாதியைக் கட்டிச் சமாதானம் செய்யாதீர்கள். பாதி கட்டினால் கடனை ஒத்துக்கொண்டதாகிவிடும்.

காசு போய்விட்டால் வேகம் முக்கியம். இணைய வங்கிப் பரிமாற்றம் உடனே அடுத்த கணக்கில் விழுந்துவிடும், மீட்பது கடினம்; ஆனாலும் வங்கியின் அவசர எண்ணுக்கு முதலில் சொல்லுங்கள். அட்டையால் கட்டியிருந்தால் அட்டையை முடக்கி, எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள்; காசு திரும்ப வாய்ப்பு அதில் அதிகம். பின்னர் பொலிஸ் முறைப்பாடு. இணைய மோசடிக்கு இலங்கை கணினி அவசர தயார்நிலைக் குழுவின் 101, வியாபாரி ஏமாற்றினால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977.

கொஞ்சக் காலம் கழித்து இன்னொருவர் அழைத்து, இழந்த காசை மீட்டுத் தருவதாகவும் அதற்குச் சிறு முற்பணம் வேண்டும் என்றும் சொல்லக்கூடும். ஏமாந்தவர்களின் பட்டியல் கைமாறுகிறது. அவரிடம் நீங்கள் இழந்த தொகைகூடச் சரியாக இருக்கும்.