"டீச்சரம்மா" என்று குழைந்த பேங்க் தம்பி: பெங்களூரு நண்பர்கள் கவனத்துக்கு

அல்சூரில் தனியாக இருக்கும் என் அம்மா, முதிர்ந்த எஃப்டியைப் புதுப்பிக்கப் பேங்குக்குப் போனார். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்ததோ யூலிப் பாலிசிக்கு; இன்சூரன்ஸோடு சந்தை முதலீடும் சேர்ந்தது. வருஷம் 2 லட்சம், 10 வருஷம் கட்ட வேண்டும். அம்மாவுக்கு வயது 68, வருமானம் பென்ஷன் மட்டும்.

விற்றவன் அந்தக் கிளையின் ரிலேஷன்ஷிப் மேனேஜர். நம்ம பையன்தான், குடியாத்தம் பக்கமாம். அம்மா தமிழ் டீச்சராக இருந்தவர் என்று தெரிந்ததுமே 'மேடம்' போய் 'டீச்சரம்மா' வந்துவிட்டது. "உங்ககிட்ட படிச்சிருந்தா நான் எங்கேயோ போயிருப்பேன்மா" என்பானாம். படிவத்தில் கையெழுத்துப் போடும்போது, "என்னா முத்து முத்தான எழுத்து!" என்று வியந்துகொண்டே பக்கத்தைப் புரட்டியிருக்கிறான். எல்லாம் நிரப்பாத பக்கங்கள். பிறகு வாங்கிப் பார்த்தால், தொழில் என்ற இடத்தில் டியூஷன் சென்டர், வருமானம் 12 லட்சம்!

பாலிசி போடும் முன் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒரு சரிபார்ப்பு அழைப்பு வந்தது. "எல்லாத்துக்கும் எஸ் சொல்லிடுங்கம்மா, இல்லேன்னா வட்டி லேட்டாகும்" என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தான். அந்தப் பதிவைத்தான் கம்பெனி இப்போது ஆதாரமாகக் காட்டுகிறது.

இதையும் மிஞ்சிய சாமர்த்தியம் ஒன்று உண்டு. "பாண்டு வந்தா பிரிக்காதீங்க, நானே வந்து பக்கம் பக்கமா விளக்குறேன்." பாண்டு என்றால் பாலிசிப் பத்திரம். பாலிசி கைக்கு வந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால், சிறு பிடித்தம் போகப் பணம் திரும்பி வரும். ஃப்ரீ லுக் என்பார்கள். அந்த 30 நாளையும் மீட்டிங், மைசூரு ட்ரெயினிங் என்று ஓட்டிவிட்டு, அப்புறம் ஸ்வீட் டப்பாவோடு வந்தான். (அம்மாவுக்குச் சர்க்கரை.) பெற்றோர் தனியாக இருக்கிறார்களா? பிரிக்காத கவர் ஏதாவது பீரோவில் கிடக்கிறதா என்று இன்றே கேளுங்கள்.

சரி, நிறுத்திவிடலாம் என்றால், யூலிப்பில் 5 வருஷம் முடியும்வரை போட்ட பணம் கைக்கு வராது.

கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுத்தோம், நிராகரித்துவிட்டார்கள். அடுத்தது இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன், அதாவது இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் அதிகாரி; அலுவலகம் ஜே.பி. நகரிலேயே இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். கம்பெனி கைவிரித்த ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். மனு தயார். அதில் அந்தத் தம்பியின் பெயரைப் போடத்தான் அம்மா சம்மதிக்க மாட்டேன் என்கிறார். "பையன் நல்லவன்டா, மேலேருந்து டார்கெட் கொடுத்திருப்பாங்க."