பழையபேட்டையில் ஒரு நாவலின் தட்டச்சு

கிருஷ்ணகிரி பழையபேட்டையில், இரண்டு கணினிகளும் ஓர் அச்சுப்பொறியும் மட்டுமே கொண்ட ஒரு சிறிய டி.டி.பி. நிலையத்தில், என் மூன்றாவது நாவலின் கைப்பிரதியைத் தை மாதம் ஒப்படைத்தேன். மொத்தம் 412 பக்கங்கள். பக்கத்துக்கு 30 ரூபாய். இரண்டு முறை மெய்ப்புத் திருத்தம் அந்தக் கட்டணத்திலேயே அடங்கும். இன்னமும் கையால் எழுதுகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் என் அனுபவத்தைப் பதிவு செய்கிறேன்.

முந்தைய நாவலை வேறோர் ஊரில் கொடுத்திருந்தேன். தெலுங்கும் கன்னடமும் கலந்து புழங்கும் எங்கள் பக்கத்துப் பேச்சைப் பிழை என்று கருதி, உரையாடல்களை எல்லாம் அங்கே எழுத்துத் தமிழாக மாற்றிவிட்டார்கள். பழைய எழுத்துரு ஒன்றில் அடித்திருந்ததால், அந்த எழுத்துரு இல்லாத பதிப்பகக் கணினியில் கோப்பைத் திறந்தபோது, பக்கம் முழுவதும் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகச் சிதறிக் கிடந்தது. பழையபேட்டையில் தொடக்கம் முதலே ஒருங்குறியில் (யூனிகோடில்) அடிக்கிறார்கள். கோப்பு எந்தக் கணினியிலும் கலையாமல் திறக்கிறது. வழக்குச் சொல்லில் ஐயம் எழுந்தால் தட்டச்சு செய்யும் பெண்மணி அதைத் தொடுவதில்லை. மஞ்சள் நிறமிட்டு வைத்து, நேரில் கேட்கிறார்.

அப்படி அவர் கேட்ட ஒரு கேள்விக்காகவே இதை எழுதத் தோன்றியது. பதினான்காம் அத்தியாயத்தில், சித்திரை முதல் வாரத்தில் ஒரு விவசாயி பெங்களூரா மாங்காயை வண்டியில் ஏற்றி மாங்கூழ் ஆலைக்குக் கொண்டுபோவதாக எழுதியிருந்தேன். "சித்திரை பொறந்ததும் பெங்களூரா பறிக்க மாட்டாங்களே சார். அப்ப செந்தூராதானே வரும்? ஆலைக்குக் காய் போறதுக்கு இன்னும் நாளாகுமே" என்றார். அவருடைய பிறந்த வீட்டில் தோப்பு உண்டாம்.

தோப்பு என் வீட்டிலும் இருந்தது. ஆலைகள் விலை சொல்லும் வரை காயை மரத்தில் விட்டுவிட்டு, காற்று வீசும் இரவுகளில் தூங்காமல் திண்ணையில் அமர்ந்திருந்த என் தந்தையை நான் பார்த்திருக்கிறேன். கதையை விரைவாக நகர்த்தும் ஆசையில் அந்த நாள்களை நானே அழித்திருந்தேன் என்பது அந்தக் கேள்விக்குப் பிறகுதான் புரிந்தது. காலத்தைத் திருத்தியதும் அந்த விவசாயிக்குக் காத்திருப்பு வந்தது. காத்திருப்போடு அச்சமும், மனைவியிடம் காட்டும் எரிச்சலும், மகனிடம் மறைக்கும் கடனும் தாமாக வந்து சேர்ந்தன. அவற்றில் எதையும் நான் கற்பனை செய்ய வேண்டியிருக்கவில்லை. ஓர் அத்தியாயம் மூன்றாக வளர்ந்தது. புதிதாக எழுதிய 46 பக்கங்களுக்குப் பாதிக் கட்டணமே வாங்கினார்கள்.

குறைகளும் உண்டு. ரகர றகர மயக்கம் முதல் மெய்ப்பில் கணிசமாக இருந்தது. ஒற்று மிகும் இடங்களை நாம்தான் சரிபார்க்க வேண்டும். கல்லூரி மாணவர்களின் திட்ட அறிக்கைகள் குவியும் பங்குனியில் என் வேலை மூன்று வாரம் நின்றுபோனது. ஆகவே தை பிறந்த உடனேயோ ஆடிக்குப் பிறகோ கொடுப்பது நல்லது. கைப்பிரதியில் இடப்பக்கம் இரண்டு விரல் அகலம் வெற்றிடம் விட்டுக் கொடுங்கள்; தட்டச்சு செய்யும் பெண்மணி பென்சிலால் கேள்வி எழுதுவது அங்கேதான்.