சோயுஸா, டிராகனா?

மனிதரை விண்ணுக்கு அனுப்பும் கலங்களில் எது சிறந்தது என்று கேட்போர் ரஷ்யாவின் சோயுஸையும் அமெரிக்காவின் குரூ டிராகனையுமே பெரும்பாலும் எதிரெதிரே நிறுத்துகிறார்கள். ராகேஷ் சர்மா 1984இல் சென்றது சோயுஸில். சுபான்ஷு சுக்லா 2025இல் சென்றது டிராகனில்.

இடம்: சோயுஸில் மூவர், முழங்காலை மடக்கி, தம் உடலுக்கென வார்த்த இருக்கையில் ஒடுங்கியிருக்க வேண்டும்.
டிராகனில் நால்வர் தாராளமாக அமரலாம்.

மறுபயன்பாடு: சோயுஸ் ஒரே பயணத்துக்கானது.
டிராகனின் கூடு பழுதுபார்க்கப்பட்டு மீண்டும் பறக்கிறது.

தரையிறக்கம்: சோயுஸ் கஜகஸ்தான் புல்வெளியில் இறங்குகிறது, தரைக்கு ஒரு மீட்டருக்கும் குறைவான உயரத்தில் அடிப்புற ராக்கெட்டுகள் வெடித்தெழுந்து வேகத்தைத் தணித்தாலும், அந்த மோதல் எலும்புவரை உறைக்கும்.
டிராகன் நான்கு பாராசூட்டுகளில் கடலில் இறங்குகிறது; அலையும் வானிலையும் ஒத்துழைக்க வேண்டும், மீட்புக் கப்பலும் காத்திருக்க வேண்டும்.

பாதுகாப்பே என் பார்வையில் முதன்மையானது. 1967இலும் 1971இலும் மொத்தம் நால்வரைப் பலிகொண்ட சோயுஸ், அந்தத் துயரங்களிலிருந்து திருத்தப்பட்டது. 1983இல் ஏவுதளத்திலேயே ராக்கெட் தீப்பிடித்தபோது, உச்சியிலிருந்த தப்பிப்புக் கோபுரம் இருவரையும் கலத்தோடு பிய்த்தெடுத்துக் காத்தது. டிராகனில் அதே பணிக்கு எட்டு எஞ்சின்கள் கூட்டின் சுவரிலேயே பொருத்தப்பட்டுள்ளன. ஆளில்லாச் சோதனைகளில் அவை தேறியிருக்கின்றன, ஆட்களுடன் அவற்றுக்கு இன்னும் வேலை வரவில்லை.

அடிக்கடி, அதிகம் பேரை அனுப்ப வேண்டுமெனில் டிராகன் பொருந்தும். மீட்புக் கப்பலின் துணையின்றி நிலத்தில் இறங்கவும், நெடுங்கால அனுபவத்தை நம்பவும் விரும்பினால் சோயுஸ்.